சயோங் ஆற்றங்கரையில் பிறந்த வலிமை



இக்கட்டுரையை எழுதத் தூண்டியவன் என்னிடம் நான்காம் ஆண்டில் பயிலும் மாணவன் ஒருவன். வாசிப்பு நேரத்தில், பள்ளி நூலகத்திலிருந்து எடுத்து வந்த மலாய்க் கதைப்புத்தகம் ஒன்றை வகுப்பின் முன்னே நின்று உரக்கப் படித்துக்கொண்டிருந்தான். பாடாங் என்னும் பலசாலியின் கதை அது. பாதியில் ஒரு சொல் வந்தது. அவன் குரல் நின்றது. பின்வரிசையில் இருவர் சிரித்தனர். 'பெனுவா கெலிங்' என்று அங்கே அச்சாகியிருந்தது. கெலிங் நாடு என்பது அதன் பொருள். இந்நாட்டில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அச்சொல் பெரும்பாலும் வசையாகவே அறிமுகமாகிறது.

"அது பழங்காலத்து நாட்டுப் பெயர். தயங்காமல் படி," என்றேன்.

படித்து முடித்தான். கதையில் கெலிங் நாட்டிலிருந்து வந்த மல்லன் பாடாங்கிடம் தோற்றுப்போகிறான். புத்தகத்தை மூடிய மாணவன் என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டான்:

"டீச்சர், அப்போ நாம தோத்துட்டோமா?"

அந்நேரம் மணி அடித்தது. நான் பதில் சொல்லாமல் தப்பித்துக்கொண்டேன் என்பதே உண்மை. ஆனால் அக்கேள்வி என்னோடு வீடு வரை வந்தது. அன்றிரவே அலமாரியிலிருந்து 'செஜாரா மெலாயு' நூலை எடுத்துப் பாடாங்கின் கதையை முதலிலிருந்து படிக்கத் தொடங்கினேன். அந்த வாசிப்பில் அறிந்தவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

வெளிநாட்டு வீரர்களும் உள்ளூர் வீரனும்

நம் பிள்ளைகளின் புத்தகப் பைகளிலும் தண்ணீர்ப் புட்டிகளிலும் பறந்துகொண்டிருக்கும் வீரர்களுள் மூத்தவர் சூப்பர்மேன். கிளீவ்லாந்து நகரில் பள்ளித் தோழர்களாக இருந்த ஜெரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்னும் இரு இளைஞர்களின் படைப்பு அது. 1938 ஜூன் மாதம் எனத் தேதியிட்ட சித்திரக்கதை இதழில் சூப்பர்மேன் முதன்முதலாகத் தோன்றினார். படைத்த இருவரும் யூதக் குடியேறிகளின் பிள்ளைகள். வேற்றுலகிலிருந்து வந்து சேர்ந்த குழந்தையொன்று, வேளாண்மை செய்யும் சிற்றூரில் வளர்ந்து, பதின்ம வயதில் தன் உடலில் பொதிந்திருக்கும் ஆற்றலைக் கண்டு திகைக்கிறது. அந்தப் பதின்ம வயதுக் கதை மட்டுமே 'ஸ்மால்வில்' என்னும் பெயரில் 2001 முதல் 2011 வரை தொலைக்காட்சித் தொடராக ஓடியது. குடியேறியவர்களின் பிள்ளைகள் இருவர், வந்தேறியான ஒருவனையே அந்நாட்டின் காவலனாகக் கற்பனை செய்தனர் என்பதை நாம் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

ஜொகூர் மாநிலத்துக்கும் இத்தகைய வீரர்கள் புதியவர்கள் அல்லர். 1998-இல் தொலைக்காட்சிக்கு வந்த 'கெலுவாங் மேன்' கேலிச்சித்திரத் தொடரின் நாயகன் நம் தம்போயில் வாழ்பவன்தான். ஆனால், அவனுக்கும் சூப்பர்மேனுக்கும் பல நூற்றாண்டுகள் மூத்தவன் ஒருவன் நம் ஜொகூர் ஆற்றின் தலைப்பகுதியில் இருந்திருக்கிறான். அவனே பாடாங்.

அவன் கதையைத் தாங்கி நிற்கும் செஜாரா மெலாயு, ஜொகூரின் பெண்டஹாராவாக இருந்த துன் ஸ்ரீ லானாங்கின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் நூல். பெண்டஹாரா என்பது தலைமை அமைச்சர் பதவி. 1612-ஆம் ஆண்டு அந்நூல் தொகுக்கப்பட்டதாக அதன் முன்னுரை கூறுகிறது. 2001-இல் யுனெஸ்கோ அதனை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஜாவி எழுத்தில் பல படிகள் வழங்குவதால் கதையின் சிறு விவரங்கள் படிக்குப் படி மாறும். மையக்கதை மாறவில்லை.

காடு வெட்டிய அடிமை

சயோங் ஆறும் லிங்கியூ ஆறும் கூடுமிடத்தில் பிறப்பதுதான் ஜொகூர் ஆறு. கோத்தா திங்கி வழியாக அது கடலை நோக்கிச் செல்கிறது. பாடாங் அந்தச் சயோங் பகுதியைச் சேர்ந்தவன். ஒரு வேளாளனின் அடிமை. ஆண்டானுக்காகக் காடு வெட்டி நிலம் திருத்துவது அவன் வேலை. அவனுடைய வயதை நூல் சொல்லவில்லை. கதைப்புத்தகங்கள் அவனை மீசை அரும்பும் இளைஞனாகவே வரைகின்றன.

ஆற்றில் மீன்பிடிக்க அவன் பொறி வைப்பான். காலையில் சென்று பார்த்தால் பொறியில் மீன் இராது. அருகே செதிலும் முள்ளும் மட்டுமே கிடக்கும். பல நாள் இப்படியே நடந்தது. திருடனைப் பிடிக்க ஒருநாள் நாணற்புதரில் ஒளிந்திருந்தான். வந்தது மனிதன் அன்று. நெருப்புப்போல் சிவந்த கண்களும், சடைபிடித்த தலையும், தொப்புள் வரை தொங்கும் தாடியும் கொண்ட பூதம் ஒன்று அவன் மீன்களைத் தின்றுகொண்டிருந்தது. பாடாங் ஓடவில்லை. பாய்ந்து அதன் தாடியைப் பற்றிக்கொண்டான். கொன்றுவிடுவேன் என்றான். பூதம் அஞ்சியது. உயிரை விட்டால் கேட்ட வரத்தைத் தருவதாகச் சொன்னது.

இந்த இடத்தில்தான் நான் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். என்ன கேட்பது என்று பாடாங் யோசிக்கிறான். செல்வம் கேட்டால் அதனை ஆண்டான் எடுத்துக்கொள்வான். மறைந்து திரியும் ஆற்றல் கேட்டால் மக்கள் தன்னைக் கொன்றுவிடுவர். ஆகையால், ஆண்டானின் வேலையைச் சோர்வின்றிச் செய்ய உடல்வலிமை வேண்டும் என்று கேட்கிறான்.

பறக்க வேண்டும் என்றோ, அரசாள வேண்டும் என்றோ அவன் கேட்கவில்லை. நாளைக்கும் காடு வெட்டத்தான் வேண்டும். அது வலிக்காமல் இருந்தால் போதும். அடிமையின் கனவுக்கு எட்டிய எல்லை அவ்வளவே.

கூலாய் வட்டாரத்துத் தோட்டமொன்றில் காடு வெட்ட வந்தவர் என் தாத்தா. அவர் வெட்டிய நிலத்தில் பால்மரம் நின்றது. பின்னர் செம்பனை நின்றது. ஒரு துண்டு நிலமும் அவர் பெயரில் இருந்ததில்லை. "கையும் காலும் ஒழுங்கா இருக்கணும், வேற என்னத்த கேக்கப்போறேன்," என்று மாலையில் விளக்கேற்றும்போது அவர் முணுமுணுப்பது வழக்கம். சிறுமியாக இருந்தபோது அதனை நான் பெரிய வேண்டுதலாக எண்ணியதில்லை. பாடாங்கின் கணக்கைப் படித்த பிறகே தாத்தாவின் கணக்கு எனக்கு விளங்கியது. பொருளைப் பிறர் எடுத்துக்கொள்வர். உடல் மட்டுமே தனக்கு மிச்சம்.

வரம் கிடைத்த விதமும் இனிமையானதன்று. தான் கக்குவதைத் தின்றால் வலிமை வரும் என்றது பூதம். தாடியை விடாமலேயே பாடாங் அதனைத் தின்றான். பிள்ளைகள் இந்த இடத்தில் முகம் சுளித்துச் சிரிப்பர். திரும்பும் வழியில் மரங்களைப் பற்றி இழுத்தான்; அவை வேரோடு வந்தன. வெட்டவேண்டிய காடு வெட்டவெளியாகக் கிடப்பதைக் கண்ட ஆண்டான் வியந்து, நடந்ததை அறிந்து, அவனை விடுதலை செய்தான். வேலை செய்யவே வலிமை கேட்டவனுக்கு, கேட்காத விடுதலை அதனோடு சேர்ந்து வந்தது.

அரசவையும் கெலிங் மல்லனும்

அப்போது சிங்கபுரத்தை ஸ்ரீ ராணா விக்கிரமா என்னும் அரசர் ஆண்டார் என்கிறது நூல். ஆய்வாளர்கள் அக்காலத்தை 14-ஆம் நூற்றாண்டு எனக் கருதுகின்றனர். பாடாங்கின் புகழைக் கேட்ட அரசர் அவனை வரவழைத்து 'ஹுலுபாலாங்' ஆக்கினார். படைவீரர் தலைவர்களுள் ஒருவன் என்று பொருள் கொள்ளலாம்.

அரசருக்கு ஊலாமாக உண்ணக் குராஸ் மரத்தின் கொழுந்து வேண்டும் என்றால், பாடாங் தனியாகவே படகு தள்ளிக்கொண்டு சயோங் முகத்துவாரம் வரை போவான். அங்கே மரக்கிளை முறிந்து பாறைமீது விழுந்தபோது, அவன் தலை உடையவில்லை, பாறைதான் பிளந்தது. பலநூறு பேர் சேர்ந்தும் நகர்த்த முடியாத அரசரின் மரக்கலத்தை அவன் ஒருவனே கடலில் தள்ளினான்.

இச்செய்திகள் கெலிங் நாடு வரை எட்டின. அந்நாட்டு அரசர் நாடி விஜய விக்கிரமன் என்னும் மல்லனை ஏழு கப்பல்களோடு அனுப்பினார். தன் மல்லன் தோற்றால் ஏழு கப்பல்களும் சரக்கோடு சிங்கபுரத்துக்கே என்பது பந்தயம். பல போட்டிகளின் முடிவில், அரண்மனை முன்னே கிடந்த பெருங்கல்லைத் தூக்குவது என்று பேச்சாயிற்று. கெலிங் மல்லன் அதனை முழங்கால் வரை தூக்கிக் கீழே போட்டான். பாடாங் தூக்கி, சுழற்றி, ஆற்றின் முகத்துவாரத்துக்கு எறிந்தான். அந்தக் கல் இன்றும் அங்கே கிடக்கிறது என்று எழுதுகிறது 17-ஆம் நூற்றாண்டுச் செஜாரா மெலாயு.

இங்கே கெலிங் என்ற சொல்லைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அது கலிங்கம் என்பதன் திரிபு என்பர். பழைய மலாய் நூல்களில் தென்னிந்தியாவையும் அதன் மக்களையும், சிறப்பாகத் தமிழ் வணிகரையும், அது குறித்தது. அதில் இழிவு இல்லை. மலாக்காவில் 1748-இல் எழுந்த கம்போங் கெலிங் பள்ளிவாசலும், பினாங்கில் 1801-இல் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் அப்பெயரைத் தாங்கியே நிற்கின்றன. சஞ்சிக்கூலிகளாக நம் முன்னோர் வந்திறங்கிய காலத்திலும் அதற்குப் பின்னும் அச்சொல் கீழ்நோக்கிச் சரிந்தது. ஏழு கப்பல் அனுப்பக்கூடிய நாட்டின் பெயராக இருந்தது, கூலி வரிசையில் நின்றவரை அழைக்கும் ஏச்சாக மாறியது. இன்று ஒருவரை அப்படி அழைப்பது புண்படுத்துவதே; அதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், பழைய நூலில் அதனைக் காணும் பிள்ளை தலைகுனியத் தேவையில்லை.

உடைக்கப்பட்ட கல்

கதையின் கல் உண்மையிலேயே இருந்ததா? கதைக்கும் வரலாற்றுக்கும் நடுவே ஒரு கல் கிடக்கத்தான் செய்தது.

1819-இல் சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியேற்றம் தொடங்கியபோது, ஆற்று முகத்துவாரத்தின் பாறை முனையில் காடு வெட்டியவர்கள் பெரியதொரு மணற்பாறையைக் கண்டனர். ஏறத்தாழ 3 மீட்டர் உயரமும் அதே அளவு அகலமும் கொண்டது அது. அதன் முகத்தில் சுமார் 50 வரி எழுத்துகள் இருந்தன. எவராலும் படிக்க இயலவில்லை. 1834-இல் சென்னையில் அச்சான தம் நூலில், மதராஸ் பீரங்கிப் படையைச் சேர்ந்த பி. ஜே. பெக்பி, இதுவே பாடாங் எறிந்த கல்லாக இருக்கலாம் என்று எழுதினார்.

1843 ஜனவரியில் அக்கல்லை வெடி வைத்துத் தகர்த்தனர். கோட்டைக்கும் அதன் தலைவரின் குடியிருப்புக்கும் இடம் தேவைப்பட்டது. ஜேம்ஸ் லோ என்னும் அதிகாரி எழுத்துள்ள சில துண்டுகளைக் காப்பாற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். அவற்றுள் ஒன்று பின்னாளில் திரும்பி வந்து, இன்று சிங்கப்பூர்த் தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. கல்லை முழுமையாகக் கண்டவர்களுள் ஒருவர் முன்ஷி அப்துல்லா. மலாக்காவில் பிறந்தவர், தமிழ்க் குருதியும் உடையவர், இளமையில் தமிழ் கற்றவர். கல் உடைக்கப்பட்டதற்காக அவர் தம் நூலில் வருந்தியிருக்கிறார். தம்மால் படிக்க முடியாத ஒன்றை உடைத்தவர்கள்மீது அவருக்கு எழுந்த சினம் எனக்கும் எழுகிறது.

அந்த எழுத்து எது என்பதில் இன்னும் முடிவு இல்லை. பழஞ்சாவகக் காவி எழுத்து என்று பலர் கருதுகின்றனர். 2019-இல் இயன் சின்கிளேர் என்னும் ஆய்வாளர், எஞ்சிய துண்டில் 'கேசரிவ' என்னும் எழுத்துகள் தெரிவதாகவும், அது சோழ மன்னர்கள் சூடிய பரகேசரிவர்மன் என்னும் பட்டத்தின் பகுதியாக இருக்கக்கூடும் என்றும் எழுதினார். 1025-ஆம் ஆண்டளவில் கடாரத்தின்மீது படையனுப்பிய முதலாம் இராசேந்திரன் பரகேசரி பட்டம் பூண்டவரே. இது ஒரு கருத்து மட்டுமே; உறுதியான முடிவு அன்று. நம் பெருமைக்கு இனிப்பாக இருக்கிறது என்பதற்காக அதனை வகுப்பில் உண்மை என்று போதித்தல் ஆசிரியருக்கு அழகாகாது. மற்றவர்கள் அப்படிச் செய்தால் நாம் குறை சொல்வோமல்லவா?

கல்லறைக்கு வந்த கல்

என் மாணவனின் கேள்விக்கு விடை கல்வெட்டில் கிடைக்கவில்லை. அது கதையின் கடைசி வரிகளில் இருந்தது. சிறுவர்களுக்காகச் சுருக்கிய அந்தப் புத்தகத்தில் அவ்வரிகள் இல்லை.

காலம் சென்றது. பாடாங் இறந்தான். அவனைப் புருவில் அடக்கம் செய்தனர். இன்றைய இந்தோனேசியாவின் கரிமுன் பகுதியில் உள்ள தீவு அது. அவன் மறைந்த செய்தி கடல் கடந்து கெலிங் நாட்டை அடைந்தது. அப்போது அந்நாட்டு அரசர், பாடாங்கின் கல்லறைமீது நாட்டுவதற்கெனக் கல் அனுப்பிவைத்தார்.

மல்லன் தோற்ற நாடு அது. ஏழு கப்பல்களையும் சரக்கையும் இழந்த நாடு. சயோங் காட்டில் அடிமையாகப் பிறந்தவனுக்கு நடுகல் அனுப்பியதும் அந்நாடே. வீரனுக்குக் கல் நாட்டுவது தமிழருக்குப் புதிதன்று. சங்க காலம் தொட்டே நம்மிடம் இருக்கும் வழக்கம். மலாய்க் கதையைச் சொன்னவர்கள் அதனை அறிந்திருந்தார்களோ, அல்லது பெருந்தன்மையுள்ள அரசன் இப்படித்தான் நடந்துகொள்வான் என்று எண்ணினார்களோ, எதுவாயினும் கெலிங் அரசனைப் பற்றி அவர்கள் மரியாதையோடு விட்டுச்சென்ற கடைசிச் செய்தி இதுவே.

மறுவாரம் கரும்பலகையில் ஜொகூர் ஆற்றை வரைந்தேன். சயோங், லிங்கியூ, கோத்தா திங்கி என்று ஊரும் ஆறும் குறித்தேன். 1962-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இந்த ஆற்று நீர் இன்றும் சிங்கப்பூருக்குப் போகிறது. பாடாங் போன வழியும் ஏறத்தாழ அதுதான் என்றேன். இது பழங்கதை, கல் இருந்தது உண்மை, அதனை எறிந்தவன் பாடாங் என்பதற்குச் சான்று இல்லை என்பதையும் பிரித்துச் சொன்னேன். பிறகு கல்லறைக்கு வந்த கல்லின் கதையைச் சொல்லி முடித்தேன்.

அந்த மாணவன் சிறிது நேரம் யோசித்தான்.

"தோத்தவங்கதான் கல்லு அனுப்புனாங்களா, டீச்சர்?"

"ஆமாம்."

"அப்போ பாடாங் நம்ம ஊர்க்காரன். கல்லும் நம்மகிட்ட இருந்து வந்துச்சு."

நான் வரைந்த படத்தில் சயோங் ஆற்றுக்குப் பக்கத்தில் தன் தோட்டம் எங்கே வரும் என்று அடுத்துக் கேட்டான். சுண்ணக்கட்டியை அவன் கையிலேயே கொடுத்தேன்.